அத்தானின் மூடு

என் அக்காவின் கணவர் கடல் வரைகிறவர். கடலில் ஒருநாளும் கால் நனைத்தவரில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் தோல் அரிக்குமாம், மணலில் நடந்தால் குதிகால் வலிக்குமாம், அலைச் சத்தம் கேட்டால் தலை கனக்குமாம். இத்தனைக்கும் அவர் குடியிருப்பது கடற்கரைத் தெருவில், முதல் மாடியில், சன்னலைத் திறந்தால் எதிரே கடல்தான் என்கிற வீட்டில். ஒரே தெருவில் இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் பங்காளிகள் மாதிரி அவரும் கடலும் பல வருஷமாகக் காலம் தள்ளினார்கள்.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். என் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கடலார் என்பார்கள். ஒருநாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. மரியாதைக்காக வைத்த பெயர் என்று எடுத்துக்கொண்டு, "பசங்களுக்கு ரசனை இருக்கு" என்றார்.

அவர் முதலில் பெயர்ப்பலகை எழுதினவர். அதை இப்போது யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. நான் ஞாபகப்படுத்துவேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். 'இங்கே வண்டி நிறுத்தாதீர்', 'மருந்துக் கடை மாடியில்', 'கழிப்பறை இந்தப் பக்கம்' என்று ஊரில் பாதிச் சுவர் அவர் கையெழுத்துதான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைவிட அம்புக்குறி போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் போட்ட அம்பைப் பார்த்தால் வேலை இல்லாதவன்கூட அந்தப் பக்கம் நடந்துவிடுவான். அந்த அம்பு பிறகு ஒரு வேலை பார்க்கப்போகிறது, அதனால்தான் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அவரைக் கடலுக்குள் தள்ளிவிட்டவளும் நான்தான். திரைச்சீலை தைப்பது என் பிழைப்பு. கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு அறை அறையாகத் திரை தைத்துக் கொடுத்தபோது, "சுவரெல்லாம் மொட்டையா இருக்கும்மா" என்று மேலாளர் குறைப்பட்டார். "எங்க அக்கா வீட்டுக்காரர் நல்லா பெயிண்ட் பண்ணுவார் சார்" என்றேன். சுவருக்கு அடிக்கிற பெயிண்டைத்தான் சொன்னேன். அவர் படம் வரைவதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அறைக்கு ஒரு கடல் வேண்டும் என்றுவிட்டார். அத்தான் மறுக்கவில்லை. பழைய நாட்காட்டி ஒன்றிலிருந்து ஒரு கடலைக் கிழித்தெடுத்து எதிரே ஒட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

எல்லா அறைக்கும் ஒரே கடல்தான். வலது பக்கம் சாய்ந்த மரம், நடுவில் பாதி முங்கிய சூரியன், இடது பக்கம் ஒரு படகு. படகில் ஆள் இருக்காது, ஏனென்றால் அவருக்குக் கை வரைய வராது. ஒருமுறை முயற்சி செய்து பார்த்தார். வலை இழுக்கும் ஆளின் கை துடைப்பம் மாதிரி வந்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, அந்த ஆள் மேல் ஒரு பாறையை வரைந்துவிட்டார். அதிலிருந்து அவர் படத்தில் எங்கே பாறையைப் பார்த்தாலும், அதற்கடியில் கை சரியாக வராத ஒருவர் இருக்கிறார் என்று நான் புரிந்துகொள்வேன்.

இதுவரை ஒரு குறையும் இல்லை. மனிதர் சிரிப்பார், சீட்டு விளையாடுவார், கடைக்குப் போய் சாமான் வாங்கி வருவார். எல்லாம் கெட்டது ஒரு மழையால். ஒரு வாரப் பத்திரிகையில் கலை பற்றிப் பத்தி எழுதுகிற ஒருவர் அந்த ஓட்டலில் தங்க வந்து, மழை விடாமல் அறைக்குள்ளேயே அடைபட்டுப்போனார். தொலைக்காட்சியும் வேலை செய்யவில்லை. பார்ப்பதற்கு அத்தானின் கடலைத் தவிர வேறெதுவும் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் எழுதித் தள்ளிவிட்டார்:

'இந்தக் கடலோரக் காட்சியின் பாணி எளிமையானது. ஆனால் அதன் மூடு! மனிதன் கைவிட்ட படகு. எதையோ அடியில் புதைத்துவைத்திருக்கும் பாறைகள். நோயுற்றது போன்ற அந்த மஞ்சள் வெளிச்சம். இந்தக் கடலின் மூடு நம்மைத் தூங்கவிடுவதில்லை.'

புதைத்துவைத்திருக்கும் பாறை என்று மனுஷன் எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். மஞ்சள் வெளிச்சத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். அத்தான் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு பழைய மஞ்சள் பல்புக்கடியில் உட்கார்ந்துதான் வரைவார். அந்த வெளிச்சத்தில் எந்தக் கலர் எது என்று அவருக்கே தெரியாது.

ஆனால் அன்றோடு அத்தானின் சிரிப்பு போயிற்று. பாணி என்ற சொல்லை அவர் கண்டுகொள்ளவில்லை. 'எளிமையானது' என்றால் திட்டா பாராட்டா என்று சந்தேகம். மூடு என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடுப்புக்கு எரிவாயு உருளை வந்தால் மாடிக்குத் தூக்க மாட்டார், மூடு கலைந்துவிடும். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தார், வாழ்த்தவில்லை, சிரிக்கவில்லை. குடும்பப் படம் எடுக்கும்போது எல்லோரும் கேமராவைப் பார்க்க, இவர் மட்டும் இடது பக்கம் தூரத்தில் எதையோ பார்த்தபடி நின்றார். இடது பக்கத்தில் கை கழுவும் இடம்தான் இருந்தது. மணப்பெண்ணின் அப்பா என்னிடம் வந்து, "உங்க அத்தானுக்கு ஏதாவது மனக்குறையாம்மா? மரியாதைல எதுவும் குறை வச்சிட்டோமா?" என்று கேட்டார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். தரைக்கும் கீழே இருக்கிறது அந்த அறை. நான்கு பக்கமும் சுவர், சன்னல் என்று பேருக்கு ஒன்றுகூடக் கிடையாது. நாள் முழுக்க நின்றபடியே படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்க வேண்டும். மழை பெய்ததா வெயிலடித்ததா என்று மேலே வந்த பிறகுதான் தெரியும். இந்த வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தபோது, தண்ணீர் வருமா, சமையலறை எங்கே என்று எதையும் அவள் கேட்கவில்லை. நேராகப் போய் அந்தச் சன்னலைத் திறந்தாள். "இதுவே போதும்" என்றாள். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் ஒரு டீயைப் போட்டுக்கொண்டு, சன்னலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு, இருட்டும்வரை உட்கார்ந்திருப்பாள். அவள் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

அத்தானுக்கு அது பொறுக்கவில்லை.

"இந்தக் கடல் ஒரு நிலையில நிக்கவே மாட்டேங்குது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கலர். இதப் பக்கத்துல வச்சிக்கிட்டு நான் எப்படிக் கடல் வரையறது? சன்னல மூடு."

"நாள் பூரா சுவத்தையே பாத்துட்டு வர்றேங்க. வீட்லயும் சுவத்தையா பாக்கணும்? திறந்தே இருக்கட்டும்."

"என் மூடு என்னாகறது?"

"அதத்தான் நானும் கேக்கறேன், உங்க மூடுக்காக நான் எதையெல்லாம் மூடறது?"

கீழ்வீட்டுக்காரர்களுக்குப் பொழுதுபோக்கே இதுதான். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. பகலெல்லாம் சன்னல் அத்தானுடையது, சாயங்காலம் அக்காவுடையது. அவள் படியேறி வரும் சத்தம் கேட்டதும் அவர் பெருமூச்சோடு பிரஷ்ஷைக் கீழே வைப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது வெளியூரில் இருக்கும் அக்கா மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. அக்கா விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். போகும்போது என்னிடம் சொன்னது இரண்டே விஷயம். அத்தானுக்குச் சாப்பாடு அனுப்பு, சன்னலுக்கு மேலே இருக்கும் விரிசலைக் கொத்தனாரை வைத்துப் பூசச் சொல், மழை வந்தால் ஒழுகும்.

கொத்தனாரிடம் சொல்லிவைத்தேன். அத்தானோ தூசி மூடுக்கு ஆகாது என்று ஓட்டலில் ஓர் அறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்போது அவர் வரைந்துகொண்டிருந்தது ஓட்டல் வரவேற்பறைக்கான பெரிய படம். அதைச் சன்னல் திண்டில் சாய்த்துவைத்து, பக்கத்துச் சுவரில் கரியால் தனக்குத்தானே குறிப்பு எழுதிக்கொள்வது அவர் வழக்கம். பெயர்ப்பலகைக்காரர் குறிப்பு எழுதினால் எப்படி இருக்கும்? நிழல் கொடுத்து, அடிக்கோடு போட்டு, பக்கத்தில் ஓர் அம்பும் போட்டிருப்பார். படத்துக்கு இன்னும் மூடு வரவில்லை என்பதால் அதைக் காட்டி, 'மூடு' என்று பெரிதாக எழுதி ஓர் அம்பு. கிளம்பும் முன்பு கொத்தனாருக்காக விரிசலைக் காட்டி, 'பூசு' என்று எழுதி இன்னோர் அம்பு. படத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போய்விட்டார். அம்பு போகவில்லை. அது இப்போது சன்னலைக் காட்டிக்கொண்டிருந்தது.

கொத்தனார் நல்ல மனிதர். சொன்னதைச் செய்வார், அதற்கு மேல் யோசிக்க மாட்டார். ஆனாலும் அன்று யோசித்து அத்தானுக்குப் போன் செய்திருக்கிறார். பிறகு என் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்து அவர் சொன்ன உரையாடல் இது.

"சார், சுவத்துல மூடுன்னு எழுதியிருக்கீங்களே. நிஜமாவா?"

ஒரு கொத்தனாருக்குத் தன் கலையில் அக்கறை வந்துவிட்டது என்று அத்தானுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "ஆமாம்ப்பா. மூடுதான் முக்கியம். அது இல்லேன்னா மத்ததெல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்ல."

"இல்ல சார், கடல் தெரியாமப் போயிடுமே."

"தெரியவே கூடாதுப்பா! தெரியறதா கலை? உணரணும்."

"முழுசாவா சார்? இல்ல பாதியா?"

"முழுசா. பாதி மூடெல்லாம் எனக்குப் பிடிக்காது."

கொத்தனார் சன்னல் சட்டத்தைக் கழற்றிப் பத்திரமாக மாடிப்படிக்கு அடியில் வைத்தார். செங்கல் அடுக்கினார், பூசினார், மட்டம் பார்த்தார். வெள்ளையும் அடித்துவிட்டார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அங்கே சன்னல் இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அத்தான் திரும்பி வந்த அன்று நானும் சாப்பாட்டோடு போயிருந்தேன். கதவைத் திறந்ததும் எதிரே வெறும் சுவர். அத்தான் சுவரையே வெகுநேரம் பார்த்தார். இப்போது குதிப்பார், கொத்தனாரின் பரம்பரையையே இழுப்பார் என்று காத்திருந்தேன்.

"என்ன ஒரு அமைதி" என்றார்.

"அத்தான், சன்னலக் காணோம்."

"சத்தமே இல்ல பாரு. இவ்வளவு நாளா எனக்குக் குறுக்க நின்னது எதுன்னு இப்பத்தான் புரியுது."

"அக்கா வந்து கேட்டா என்ன சொல்வீங்க?"

"அவளுக்கு என்ன வேணும்? கடல்தானே வேணும்?" என்று சொல்லிவிட்டுப் பெரிய படத்தைத் தூக்கி, சன்னல் இருந்த அதே இடத்தில் ஆணியடித்து மாட்டினார். "இந்தா. அதவிட நல்ல கடல். எப்பப் பாத்தாலும் ஒரே கலர்ல இருக்கும்."

கையில் இருந்த சாப்பாட்டை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லை, அதற்குப் பிறகு அந்தத் தரையை நான்தான் துடைக்க வேண்டும். பிரசவ வீட்டில் இருப்பவளுக்குப் போன் செய்து இதைச் சொல்லவும் மனம் வரவில்லை. 'பேத்தி பிறந்திருக்கா, அப்படியே அவ அம்மா மூக்கு' என்று அவள் குதூகலமாகச் சொல்லும்போது, இங்கே உனக்குச் சுவர் பிறந்திருக்கிறது என்றா சொல்வது?

இதற்கிடையில் பத்திக்காரர் மறுபடியும் வருவதாகத் தகவல் வந்தது. இந்த முறை கலைஞரை அவர் வேலை செய்யும் இடத்திலேயே சந்திக்க வேண்டுமாம். அத்தான் புதிதாகச் சட்டை தைத்துக்கொண்டார். சாம்பல் நிறம், மூடுக்காக.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா வந்து சேர்ந்தாள். பையைக் கீழே வைத்தாள். பேத்தியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே நேராகச் சன்னலுக்குப் போனாள். கை கொக்கியைத் தேடி நீண்டது. ஈரம் காயாத கடலில் பட்டு விரல் நுனியெல்லாம் மஞ்சளானது. படத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பின்னால் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சமையலறைக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்து, அதே நாற்காலியை அதே இடத்தில் இழுத்துப்போட்டு, படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். என் கூடப் பிறந்தவள் அப்படி ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

"படகுல ஏன் ஆளே இல்ல?" என்று கேட்டாள்.

"அது தனிமைங்கற மூடு" என்றார் அத்தான்.

"உங்களுக்குக் கை வரைய வராது" என்றாள் அக்கா. டீயைக் குடித்து முடித்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். யாரிடம் பேசினாள் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் பத்திக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு பை. மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்த அறைக்குள் கால் வைத்ததும் கண்ணை மூடி ஒருமுறை மூச்சை இழுத்தார். பெயிண்ட் வாடைதான் அடித்தது. "ஆகா" என்றார். படத்தின் அருகே போனார், பின்னால் வந்தார், தலையைச் சாய்த்தார்.

"இதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கறவன ஏங்க வச்சிடறீங்க சார்" என்றார் அத்தானிடம்.

அத்தான் இடது பக்கம் தூரத்தைப் பார்த்தார்.

"கடல் இருக்குங்க" என்றாள் அக்கா.

"அழகாச் சொன்னீங்கம்மா. ஒவ்வொரு கடலுக்குப் பின்னாடியும்..."

"அதெல்லாம் இல்லீங்க. நிஜமாவே கடல்."

அவள் போய்ப் படத்தை ஆணியிலிருந்து கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தாள். வெள்ளைச் சுவர் தெரிந்தது. அத்தானின் பிரஷ்களில் பெரிதாக ஒன்றை எடுத்து, கறுப்பில் முக்கி, சுவரின் நடுவில் 'திற' என்று எழுதினாள். அவள் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். பக்கத்தில் ஓர் அம்பும் போட்டாள். அம்பு கோணலாக வந்தாலும் எங்கே காட்ட வேண்டுமோ அங்கேதான் காட்டியது. பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "அண்ணே, வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

கொத்தனார் கடப்பாரையோடு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். போன தடவை பட்டது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, எழுத்தை வாய்விட்டு ஒருமுறை படித்தார்.

"முழுசாவாம்மா?"

"முழுசா."

"இவளே, சார் வந்திருக்கற நேரத்துல என்ன இது?" என்றார் அத்தான். முதல் அடி விழுந்தது. செங்கல் பொடி எல்லோர் மேலும் கொட்டியது, புதுச் சட்டையிலும்தான். பத்திக்காரர் இரண்டடி பின்னால் போய், பையிலிருந்து நோட்டை எடுத்து, என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "இது நிகழ்த்துகலையாம்மா?"

"இல்ல சார். குடும்பம்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஓட்டை பெரிதாகப் பெரிதாக முதலில் காற்று வந்தது, பிறகு சத்தம், பிறகு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பல்பு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பத்திக்காரரின் தாள் ஒன்று பறந்து கட்டிலுக்கடியில் போனது. கடைசிச் செங்கல்லும் விழுந்ததும் கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டத்தை எடுத்துவரக் கீழே போனார். திருப்பி வைத்திருந்த பெரிய படத்தின் முதுகில் பொடி படிந்துகிடந்தது, யாரும் தட்டிவிடவில்லை.

கரைக்குப் பக்கத்தில் ஒரு படகு. அதில் ஏழெட்டுப் பேர் வலை இழுத்துக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கை இருந்தது. தண்ணீர் ஒரு நிறத்தில் நிற்கவில்லை.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். யோசித்துவிட்டு, இன்னொன்றையும் இழுத்துப் பக்கத்தில் போட்டாள். அத்தான் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமுடியெல்லாம் செங்கல் பொடி. பத்திக்காரர் காது கேட்கும் தூரத்தில் இருக்கிறார் என்பதையும் மறந்துவிட்டார்.

"இதெல்லாம் என்னால வரைய முடியாது" என்றார்.

"யாரு வரையச் சொன்னா? பாருங்க."

பார்த்தார். கையை நெற்றிமேல் வைத்துக்கொண்டார்.

"கண்ணு கூசுது."

"கூசட்டும்" என்றாள் அக்கா.